சுந்தரியின் வலது கால்

என் தொழிலை யாருக்காவது விளக்கினால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டுக்கும் நான் பழகிவிட்டேன். பொம்மைப் பட்டாளங்களை மேஜை மேல் எதிரெதிரே நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. விளையாடுகிறவர்கள் நரைத்த தாடியும் நல்ல வேலையும் உள்ள ஆம்பளைகள். கடையில் வாங்கின சிப்பாய் அப்படியே இருந்தால் அவர்களுக்குப் போதாது. இவன் கையை வெட்டி அவனுக்கு ஒட்டு, வயிற்றைக் கிழித்துக் குடலை வை, கொப்புளம் வை, புண்ணுக்குள்ளிருந்து பச்சையாக வெளிச்சம் வரட்டும் என்பார்கள். அதைத்தான் நான் செய்கிறேன். கட்டைவிரல் உயரப் பொம்மையில் அழுகலை வரவழைப்பதில் என்னை அடிக்க ஆளில்லை. போன தை மாதம் வரைக்கும் இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஞானவேல். கொடைக்கானலில் காட்டேஜ்களுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவன். எந்தப் பெயர் எழுதினாலும் பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ கேட்பார்கள். ஆயிரம் ரோஜா வரைந்து வெறுத்துப்போயிருந்த சமயத்தில், ஒரு காட்டேஜில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து குட்டிப் பிசாசு ஒன்றுக்கு வர்ணம் தீட்டுவதைப் பார்த்தேன். அன்றைக்கே ரோஜா என்னை விட்டது. பத்து வருடமாகிறது. செண்பகனூரில் மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் சந்தில் எங்கள் வீடு. ஜன்னலோரம் என் மேஜை. இன்டர்நெட்டில் படம் போட்டால் எங்கிருந்தெல்லாமோ ஆர்டர் வரும்.

சண்முகசுந்தரி என் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு வருடம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வில்பட்டியில் கேரட் தோட்டத்தில் அவளுக்கு வேலை. காலையில் டவுன் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் மண் வாசனையோடு வருவாள். வந்து என் மேஜையை எட்டிப் பார்ப்பாள்.

"என்ன, உங்க சீக்காளிப் பட்டாளத்துல இன்னைக்கு யாருக்கு வவுத்தால போகுது?"

கிண்டல் அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. பழனி அடிவாரத்தில் அவள் அப்பா உருக்கடை வைத்திருந்தார். கண் சுகமானால் கண், கை சுகமானால் கை, கால் சுகமானால் கால் என்று முருகனுக்கு உண்டியலில் போடுவார்களே, தகட்டில் அச்சடித்த உறுப்புகள், அந்தக் கடை. இப்போது அவள் அண்ணன் பழனிக்குமார் நடத்துகிறார். சின்ன வயதில் அவள் கடைக்கு வெளியே உட்கார்ந்து கால்களை எண்ணிக் கட்டுப் போடுவாளாம். அப்பாவிடம் காலுக்கு ஒரே ஒரு அச்சுதான் இருந்தது, இடது காலுக்கு உள்ளது.

"வலது காலு வேணும்னு வந்து நிப்பாங்க. எங்கப்பா அதே தகட்டத் திருப்பிப் போட்டு, இந்தாங்க வலதுன்னு குடுத்துருவாரு. பின்பக்கம் குழிவா இருக்கும், யாரு பாக்கப்போறா? கும்பிட்டு வாங்கிட்டுப் போவாங்க." இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு அடங்காது. நானும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன்.

என் வேலையில் அவளுக்கும் பங்கு உண்டு. சதை வைக்கிற புட்டி, களிமண் மாதிரி ஒரு பசை, மஞ்சளும் நீலமுமாக இரண்டு பட்டையாக வரும். இரண்டையும் பிசைந்து பச்சையாக்கினால்தான் வேலைக்கு ஆகும், அப்புறம் கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிடும். கொடைக்கானல் குளிரில் அது பிசையவே வராது. என் கை எப்போதும் சில்லென்றிருக்கும். அவள் கையோ எந்தக் குளிரிலும் வெதுவெதுப்பாக இருக்கும். காலையில் பஸ்ஸுக்குப் போகும் முன் ஒரு நெல்லிக்காய் அளவு பிசைந்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போவாள். என் சிப்பாய்களின் தொப்பையிலும் கட்டியிலும் உற்றுப் பார்த்தால் அங்கங்கே அவள் ரேகை இருக்கும்.

சர்க்கரை அவளுக்கு அப்பா வழிச் சீதனம். முப்பது வயதிலேயே வந்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு, லட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். போன ஐப்பசியில் தோட்டத்துக்குப் போட்டுப்போகும் ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு சின்னக் கல் விழுந்து கிடந்திருக்கிறது. நாள் பூராவும் அதை மிதித்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால் வலது பாதத்தின் அடியில், கட்டைவிரலுக்குக் கீழே, ரத்தம்.

"கல்லு உள்ள கெடந்ததே தெரியலைங்க," என்றாள். வலிக்கவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள். வலிக்காததுதான் வினை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

புண் ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். மற்ற நாட்களில் நானே கட்டு மாற்ற வேண்டும். நர்ஸ் சிவபாக்கியம் அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: எப்படிக் கழுவுவது, எப்படித் துணி வைப்பது. கடைசியில் ஒன்று சொன்னார்.

"வாடை வந்தாலோ, நெறம் மாறுனாலோ ஒரு நாள்கூடத் தாமசிக்காதீங்க. அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நெறத்தப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா, நீங்கதான் பெயிண்டராச்சே."

சுந்தரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

மறைக்காமல் சொல்கிறேன். முதல் தடவை கட்டைப் பிரித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஐந்தாவது தடவை பிரித்தபோது நான் நிறம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பத்து வருடமாக மனதால் புண் செய்துகொண்டிருந்தவன் நான். சிவப்புதான் புண் என்று நினைத்திருந்தேன். நிஜத்தில் நடுவில் ஈரமான இளஞ்சிவப்பு, ஓரத்தில் மெழுகுபோல ஒரு மஞ்சள், அதைத் தாண்டித் தோலுக்கடியில் நீலம் ஓடியது. ஈரம் எங்கே மின்னுகிறது, எங்கே மங்குகிறது என்று பார்த்தேன். போனில் படம் எடுத்தேன்.

"எதுக்குங்க போட்டோ?"

"சிவபாக்கியம் அக்காகிட்டக் காட்ட."

"பொய் சொல்லாதீங்க. உங்க சீக்காளிக்குத்தான?" அவளே காலைச் சற்றுத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினாள். "நல்லா எடுத்துக்கங்க. வீட்டுல சும்மா உக்காந்து திங்கிறேன், இப்படியாச்சும் ஒரு சோலிக்கு ஆகட்டும்."

அதிலிருந்து தினமும் கட்டு, தினமும் படம். அவள் காலின் நிறங்கள் என் சிப்பாய்களின் முதுகில் ஏறின. ஆர்டர் கொடுத்தவர்கள் கொண்டாடினார்கள். என் காலு ஊர் ஊரா சுத்துது, நான்தான் வீட்டோட கெடக்கேன் என்பாள். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்றுகூடச் சொல்லலாம். புண் ஆறினால் முருகனுக்கு ஒரு கால் போடுவதாக நேர்ந்துகொண்டாள்.

மார்கழி கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் பெரிய ஆர்டர் கொடுத்தார். ஒரு சாண் உயர அரக்கன், சீக்காளிப் பட்டாளத்துக்குத் தலைவன். வயிற்றில் ஒரு பெரிய புண், அதற்குள்ளிருந்து வெளிச்சம் வர வேண்டும். அங்கே ஒரு போட்டிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். தை மூன்றாம் வாரம் திங்கட்கிழமை பார்சல் போயாக வேண்டும்.

உருவத்தைச் செய்து முடித்தேன். நெல்லிக்காய் நெல்லிக்காயாக அவள் பிசைந்து தந்த புட்டிதான் முழுவதும். வர்ணத்தில் மாட்டிக்கொண்டேன். உள்ளே வெள்ளை வைத்து மேலே மெல்லிசாகப் பச்சை ஓட்டினால் வெளிச்சம் வந்துவிடும், அது பெரிய வித்தையில்லை. வெளிச்சத்தைச் சுற்றி இருக்கும் ஓரம்தான் வித்தை. அது செத்த சதையாகத் தெரியாவிட்டால், வயிற்றில் பல்பு மாட்டின மாதிரி இருக்கும். மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் பல்பு. பிளாஸ்டிக் ஸ்பூன்களில் கலந்து கலந்து பூசிப் பார்த்தேன். எந்த நிறத்தையும் பொம்மையில் வைக்கும் முன் ஸ்பூனின் முதுகில் பூசிப் பார்த்து, காம்பில் தேதியும் கலவையும் எழுதி ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டி வைப்பது என் வழக்கம். நாற்பது ஸ்பூன் தொங்கின. ஒன்றும் சரியில்லை. எரிந்து விழுந்தேன். அவள் பாட்டுக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

தை மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை கட்டைப் பிரித்தேன். புண்ணின் வெளி ஓரத்தில், முந்தின நாள் வெளுத்திருந்த இடத்தில், புதிதாக ஒரு நிறம் இருந்தது. சிலேட்டுக் கறுப்பு, அதற்கடியில் ஊதா, வெளிச்சம் சாய்வாகப் பட்ட இடத்தில் லேசாகப் பச்சை.

கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அதுதான் முதலில் வந்த நினைப்பு. சிவபாக்கியம் அக்கா சொன்னது அதற்குப் பின்னால், இரண்டாவதாக வந்தது. அப்படி வந்ததை நான் சமாதானம் சொல்லி உட்கார வைத்தேன். செவ்வாய்க்கிழமை எப்படியும் கிளினிக்குக்குப் போகத்தானே போகிறோம். கிளினிக்கில் காட்டினால் திண்டுக்கல்லுக்குப் போ என்பார்கள், மலையிறங்கினால் இரண்டு நாள் போய்விடும், பார்சல் நின்றுவிடும். வெளிச்சத்தில் அப்படித் தெரிந்திருக்கும். வாடை இல்லையே.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"அப்படியேதான் இருக்கு," என்றேன். படம் எடுத்தேன். மருந்து வைத்துக் கட்டினேன். கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் மேஜைக்கு ஓடினேன். மூன்றே ஸ்பூனில் நிறம் வந்தது.

சனிக்கிழமை முழுக்க அந்த ஓரத்தைத் தீட்டினேன். அரக்கனின் வயிறு எரிந்தது. பார்த்தால் கை வைக்கப் பயமாக இருக்கும், அப்படி. சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரைப் பிடித்து நடந்து வந்து பார்த்தாள்.

"ஆத்தி, நெசம் மாதிரியே இருக்குங்க," என்றாள். "இப்பத்தான் உங்க மொகத்துல சிரிப்பப் பாக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை உடம்பு கதகதவென்றிருக்கிறது என்றாள். ஜுர மாத்திரை கொடுத்தேன்; வெள்ளிக்கிழமை போட்ட கட்டை அப்புறம் நான் பிரிக்கவே இல்லை. வெளியே மேகம் இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. பொம்மைக்கு மேல் கடைசியாக வார்னிஷ் அடிக்க வேண்டும். மேகத்துக்குள் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும். மேகம் விலகட்டும் என்று மூன்று மணி நேரம் வாசலில் நின்றேன். வார்னிஷுக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இருந்தது. திங்கட்கிழமை காலை பார்சலைத் தபாலாபீஸில் போட்டுவிட்டு, அவளுக்குப் பிடிக்குமே என்று இரண்டு மக்காச்சோளம் வாங்கிக்கொண்டு வந்தேன். போர்வைக்குள் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அறையில் வாடை இருந்தது.

வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போகும்வரை காரில் என் தோளில் சாய்ந்தே இருந்தாள். ஒவ்வொரு வளைவிலும், வெரசாப் போகச் சொல்லுங்க என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார்.

"இந்தக் கறுப்பு எப்போலேர்ந்து?"

"நேத்திலேர்ந்து, சார்."

அவர் என்னை நம்பினார். "ரெண்டு மூணு நாள் முந்தின்னா விரலோட நிறுத்தியிருக்கலாம். ஒரே நாள்ல இவ்வளவு ஏறுதுன்னா என்ன செய்யறது," என்றார். எனக்காக வருத்தப்பட்டார். என் சட்டைப் பையில் போன் இருந்தது, போனில் வெள்ளிக்கிழமை இருந்தது. கையெழுத்துப் போட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அவள் கண் விழித்ததும் கேட்டது, பார்சல் போய்விட்டதா என்று. நான் அழுதேன். காலுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மாசிப் பிறப்புக்கு வீட்டுக்கு வந்தோம். பழனிக்குமார் பார்க்க வந்தார். வாக்கருக்குப் பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகும்போது ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார். கடையிலிருந்து ஒரு கால் தகடு.

"நேந்துக்கிட்டேன்னு சொன்னியே. இப்ப என்ன செய்யறதுன்னு எனக்கும் தெரியல. இருக்கட்டும்."

அவர் போனதும் அவள் அந்தத் தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வேணாங்க. இது யாரு காலோ. எத்தனை ஆயிரம் எண்ணிக் கட்டியிருக்கேன் இத."

"கால்தான் போயிருச்சே சுந்தரி. நேர்ச்ச எதுக்கு?"

"உசுரு இருக்குல்ல, அதுக்குக் குடுக்கணும்ல. குடுக்கறத என் காலாக் குடுக்கணும். நீங்க செஞ்சு குடுங்க. உள்ளங்கை அளவு போதும்."

"வெள்ளி இல்லையே அது. வெறும் புட்டி."

"சாமி ஒரசியா பாக்கப்போறாரு?" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். எதைக் கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

"புண்ணு வரதுக்கு முந்தி இருந்த மாதிரி செய்யணும்," என்றாள். "உங்க போன்ல என் காலு போட்டோ இருக்கும்ல? குடுங்க, எடுத்துத் தரேன்."

கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. ஒரே பொய்யைச் சுமந்து சுமந்து களைத்துப்போயிருந்தேனோ என்னவோ. கொடுத்தேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தள்ளிக்கொண்டே போனாள். புண், புண், புண். தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி. அதற்கு முந்திப் போனால் என் பொம்மைகள், முன்பக்கம், பின்பக்கம், வயிறு, முதுகு, பல். நடுவில் எப்போதாவது அவள் இருந்தாள். எங்கள் பத்தாவது கல்யாண நாளில் எடுத்த படத்தில் சேலை பாதத்தை மூடியிருந்தது. ஏரிக்கரையில் எடுத்ததில் ஷூ. தோட்டத்தில் எடுத்ததில் பூட்ஸ். ஆறு வருடப் படங்களையும் பார்த்தாள். புண் இல்லாத அவள் கால் ஒரு படத்திலும் இல்லை.

"ஒண்ணுகூட இல்லையேங்க," என்று சொல்லிக்கொண்டே திரும்ப இந்தப் பக்கம் தள்ளி வந்தாள். தை மாதத்துக்கு வந்தபோது விரல் நின்றது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது எந்தக் கெழம?"

தேதி போனிலேயே இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியும். நான் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"வெள்ளி," என்றேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே வாக்கரை இழுத்து எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். கம்பியில் தொங்கிய ஸ்பூன்களின் காம்பை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். ஒன்றை அவிழ்த்து எடுத்தாள். அதே தேதி, என் கையெழுத்து. ஸ்பூனைப் போன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒத்துப் பார்த்தாள்.

"அச்சு அசலாக் கலந்திருக்கீங்க," என்றாள்.

"சுந்தரி..."

"சிவபாக்கியம் அக்கா என்ன சொல்லியிருந்தாங்க, நெறம் மாறுனா?"

"அன்னைக்கே கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"எப்படி இருக்குன்னு நான் கேட்டேன்ல அன்னைக்கு."

"கேட்ட."

ஸ்பூனைப் பழைய இடத்திலேயே, அதே முடிச்சுப் போட்டுக் கட்டினாள். கத்தியிருந்தால் தேவலை. வாக்கரைத் தூக்கி என் மண்டையில் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்து படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டிலில் அவள் வலது கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப்போல ஒரு நாய் இந்த மலையில் கிடையாது என்று நினைத்தேன். அப்படித் திட்டிக்கொண்டதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது, அதற்கும் வெட்கமாக இருந்தது.

நான்கு நாள் அவள் பேசவில்லை. சாப்பாடு, மாத்திரை, கட்டு மாற்றுவது எல்லாம் நடந்தது. ஐந்தாம் நாள் காலை எழுந்து வந்து பார்த்தால் மேஜை மேல் நெல்லிக்காய் அளவு புட்டி பிசைந்து வைத்திருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

"பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குப் போறேன். அதுக்குள்ள காலு வேணும்," என்றாள்.

"எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லு. விரல் எல்லாம்..."

"நீங்கதான பாத்துக்கிட்டே இருந்தீங்க. நீங்களே செய்யுங்க."

செய்ய உட்கார்ந்தேன். பாதத்தின் அடியில் புண் எங்கே ஆரம்பித்தது, எத்தனை நாளில் எவ்வளவு அகலமானது, ஓரம் எந்தப் பக்கம் மடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டே வைப்பேன். விரல்களுக்கு வந்தால் கை நின்றுவிட்டது. இரண்டாம் விரல் கட்டைவிரலைவிட நீளமா, குட்டையா? மெட்டி போட்ட தடம் எவ்வளவு ஆழம்? பாதத்தின் மேல் மச்சம் ஏதாவது இருந்ததா? பதினோரு வருடம் பக்கத்தில் படுத்திருக்கிறேன். குளிரில் அவள் பாதத்தைக் கொண்டுவந்து என் கெண்டைக்காலில் ஒட்டவைப்பாள், சில்லென்று இருக்குதே தள்ளு என்பேன். அந்தச் சில் நினைவிருக்கிறது, பாதம் நினைவில்லை. மூன்று மாதம் அதை மடியில் வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறேன். எண்பது படம் எடுத்திருக்கிறேன். நான் பார்த்தது புண்ணைத்தான்.

ஜெர்மனிக்காரரிடமிருந்து மெயில் வந்தது. போட்டியில் இரண்டாம் பரிசாம். அந்தப் புண்ணின் ஓரம், அதை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்களாம். பதில் எழுதவில்லை.

பங்குனி பிறந்தது. வேறு வழியில்லாமல் ஒன்று செய்தேன். மத்தியானம் மாத்திரை போட்டு அவள் தூங்கும்போது கட்டில் காலடியில் உட்கார்ந்து இடது பாதத்தைப் பார்த்தேன். நூல் வைத்து அளந்தேன். வளைவு, குதிகாலின் வெடிப்பு, உள்ளுக்கு மடங்கியிருக்கும் சுண்டுவிரல், எல்லாம் பார்த்தேன். அதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றி வலது பாதமாகச் செய்தேன். இவ்வளவு கவனமாக நான் ஒன்றையும் செய்ததில்லை. கழற்றி வைத்த மெட்டியை டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்து, அதே மாதிரி ஒன்றைக் குண்டூசி முனையால் விரலில் வைத்தேன்.

வர்ணம் அதைவிடக் கொடுமை. நோயில்லாத தோல் எனக்கு வரவில்லை. எதைக் கலந்தாலும் ஏதோ ஒரு சீக்கின் ஆரம்பம் மாதிரி இருந்தது. ஒரு டஜன் ஸ்பூன் வீணானது. கடைசியில் அவள் உள்ளங்கையைக் கேட்டு வாங்கி, மேஜை மேல் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக் கலந்தேன். கையைக் கொடுத்துவிட்டு அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை விடும்போது, போதுமா என்று மட்டும் கேட்டாள்.

உத்திரத்துக்கு முந்தின நாள் காலை முடித்தேன். வெளியே நல்ல வெயில். கால் என் உள்ளங்கையில் இருந்தது; உயிரோடு இருந்தது, நானே சொல்லக் கூடாது. உள்ளே ரத்தம் ஓடுகிற மாதிரி தோலுக்கடியில் ஒரு சூடு தெரிந்தது. புண்ணில் வெளிச்சம் வைக்கத் தெரிந்த அத்தனை வித்தையையும் அதில் போட்டிருந்தேன். இதைப் பார்த்தால் அவள் மனம் கொஞ்சம் இளகும் என்று நினைத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அதுவரை நான் வாயால் சொல்லவில்லை. இதுதான் அது என்று அவளுக்குப் புரியும் என்று நம்பினேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவளின் கையில் வைத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். மெட்டியைத் தொட்டபோது அவள் கண் நிறைந்தது. அப்புறம் சுண்டுவிரலுக்கு வந்தாள். அங்கேயே நின்றாள். குனிந்து தரையில் ஊன்றியிருந்த தன் இடது காலைப் பார்த்தாள். மறுபடி மடியில் இருந்ததைப் பார்த்தாள்.

"திருப்பிப் போட்டுட்டீங்களா?" என்றாள்.

நானும் குனிந்து அவள் இடது காலைப் பார்த்தேன்.

"சுண்டுவெரலு மடங்குனது இடதுல மட்டுந்தாங்க. தோட்டத்துல வாளி விழுந்து மடங்குனது. வலது நேரா இருக்கும்."

"மாத்திடறேன் சுந்தரி. இன்னைக்கே மாத்திடறேன். வேற என்ன இருந்துச்சு, சொல்லு."

"இருந்துச்சு," என்றாள். "வலதுல ஒண்ணு இருந்துச்சு. கல்யாணமான புதுசுல அதத் தொட்டு என்னன்னு கேட்டீங்க. நான் சொன்னேன்."

நான் யோசித்தேன். முருகா, எவ்வளவு யோசித்தேன். மச்சமா, தழும்பா, எங்கே, நான் கேட்டேனா, அவள் என்ன சொன்னாள். அவளும் எனக்கு நேரம் கொடுத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஞாபகம் வந்துவிடாதா என்று அவளே ஆசைப்படுவதுபோலக் காத்திருந்தாள். சந்தில் காய்கறி வண்டி வந்து, கூவி, விற்று, போயும்விட்டது.

"ஞாபகம் வரல," என்றேன்.

"ம்." பழனிக்குமார் கொண்டுவந்த பொட்டலத்தின் காகிதத்தை எடுத்து, அதில் காலை வைத்து, சிறுவயதில் கடையில் பழகின கையால் மடித்து நூல் சுற்றினாள். "பரவால்லங்க. எங்கப்பாவும் இப்படித்தான குடுத்தாரு. கும்பிட்டு வாங்கிட்டுத்தான போனாங்க."

"என்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிரு சுந்தரி. உன் காலைத் தொட்டுக் கேக்குறேன்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எந்தக் கால் என்று உறைத்தது.

அவள் வாக்கரை இழுத்து எழுந்து, பொட்டலத்தைப் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு வெள்ளனே பஸ்ஸு. அண்ணன் அடிவாரத்துல நிக்கும். நீங்க வர வேணாம்," என்றாள்.

இன்றைக்கு அவள் போய் ஒன்பது நாள் ஆகிறது. அண்ணன் வீட்டில் நன்றாக இருக்கிறாளாம். மேஜை மேல் புட்டி பட்டை பிரிக்காமல் கிடக்கிறது, என் கைக்கு அது பிசைய வராது. காலையில் எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடி, அவள் வலது பாதத்தில் என்ன இருந்தது என்று யோசிக்கிறேன். ஞாபகம் வந்தால் அன்றைக்கே பழனிக்குப் பஸ் ஏறிவிடலாம் என்று இருக்கிறேன். தினமும் அந்தச் சிலேட்டுக் கறுப்புதான் வருகிறது, அடியில் ஊதா, சாய்வாக வெளிச்சம் பட்ட இடத்தில் லேசாகப் பச்சை.